வாய் திறக்காமல் வாங்கிய வண்டி

“என் பொண்டாட்டி வாயே தொறக்காம ஒரு வேன் வாங்கினவ, தெரியுமா?” என்றார் லிஃப்ட்காரர். “ஒரு வார்த்தை இல்ல. ஒரு இருமல்கூட இல்ல. சும்மா போய் உக்காந்தா. எதிர்ல இருந்தவன் தானா எழுந்து, பீரோவைத் தொறந்து, இந்தாங்கன்னு கொடுத்தான். நீங்க சாஞ்சிருக்கீங்களே இந்த சீட்டு, இதுக்கு அவ ஒரு எழுத்துகூட செலவு பண்ணல.”

வேனில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். டிரைவர் சிரித்த சிரிப்பில் வண்டியே இந்தப் பக்கம் ஒருதரம் அந்தப் பக்கம் ஒருதரம் சாய்ந்து நிமிர்ந்தது. சிறுநீரகம் கைவிட்டவர்களை வீட்டு வாசலில் ஏற்றி, ரத்தம் சுத்தம் பண்ணுகிற ஆஸ்பத்திரியில் இறக்கி, முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுகிற வண்டி அது. குடிக்கிற தண்ணீரைக்கூட டம்ளரில் அளந்து குடிக்க வேண்டியவர்கள். அளவில்லாமல் எடுத்துக்கொள்ள அவர்களுக்கு மிச்சமிருந்தது சிரிப்பு ஒன்றுதான். அதை, ஒரு காலத்தில் லிஃப்ட் ஓட்டி அந்தப் பெயரைச் சம்பாதித்த லிஃப்ட்காரர் வாளி வாளியாக இறைத்தார்.

“பொய்” என்றது பின் சீட்டு.

பின் சீட்டில் இருந்தவரை எல்லோரும் ஆடிட் என்பார்கள். லிஃப்ட்காரரின் மச்சான், மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த வண்டியை ஓட்டுகிற தொண்டு நிறுவனத்துக்குச் சம்பளமில்லாத பொருளாளர். காலையில் சூரியன் வந்தால்கூட யார் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள் என்று விசாரிக்கிற ஆசாமி. பயணிகளைக் கைத்தாங்கலாக ஏற்றி இறக்க இப்போது தினமும் வண்டியில் வருகிறார்.

“என்ன மச்சான் பொய்?”

“எல்லாம்தான் மாப்பிள்ளை. அப்படி எதுவும் நடக்கல. சும்மா அளக்காதீங்க.”

“பாத்தீங்களா, வேன்ல உக்காந்துகிட்டே வேன் வரலைங்கறார்” என்றார் லிஃப்ட்காரர். மறுபடி சிரிப்பு.

அந்த வாரம்தான் புதிதாகச் சேர்ந்திருந்த தையல்காரம்மா மடியில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளும் லேசாகச் சிரித்தாள். “பேசாம வாங்கினாங்களா? நேத்து ஃபோன்ல நல்லாப் பேசினாங்களே. நாளைக்குக் காலைல வண்டி வருது, தண்ணி கம்மியாத்தானே குடிச்சீங்கன்னு. உங்க வீட்டம்மாதான் அதுன்னு டிரைவர் தம்பி சொன்னார். இன்னிக்கு அவங்க வரலையா?”

டிரைவர் கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு, “அது முன்னாடி பதிஞ்சு வெச்சதும்மா. மெஷின் தானா போடும். அவங்க இப்ப இல்ல” என்றான்.

லிஃப்ட்காரர் ஜன்னலைச் சரியாக மூடுவதுபோல ஒருதரம் திறந்து மூடினார்.

ஆஸ்பத்திரியில் எல்லோரையும் இறக்கி, எடை பார்க்க வைத்து, கட்டிலில் சாய்த்து, கையில் ஊசி ஏறுகிறவரை பக்கத்தில் நின்றுவிட்டு ஆடிட் வெளியே வந்து உட்கார்ந்தார். இனி நாலு மணி நேரம் உள்ளே இயந்திரங்கள் வேலை செய்யும். வெளியே அவருக்கு நினைப்பதைத் தவிர வேலை கிடையாது. அந்த நாற்காலியைக் கண்டாலே அவருக்குப் பயம்.

தங்கையை ஆபீஸில் எல்லோரும் காந்தம் என்று கூப்பிட்டார்கள். அவர் மட்டும் பாப்பா என்பார். அச்சகத்து மாடியில் தொண்டு நிறுவனத்தின் ஆபீஸ். கீழே இயந்திரம் ஓட ஆரம்பித்தால் மேலே டீ கிளாஸ்கள் மேசையில் நடைபோடும். அந்த நடுக்கத்தில் காதில் ஃபோனை இடுக்கிக்கொண்டு அவள் வண்டிக்கென்று நன்கொடை வசூல் பண்ணியது ஒரு ராஜ்யத்துக்குக் காணும். கடன் வேண்டுமா என்று கேட்டுக் கூப்பிட்ட பையன் மாதச் சந்தா கட்டிவிட்டுப் போனான். ராங் நம்பர் போட்டு மாட்டிக்கொண்டவர்களே ஒரு தெரு நிறையத் தேறுவார்கள்.

காலையில் முதல் ஒரு மணி நேரம் அவள் யாரிடமும் எதுவும் கேட்க மாட்டாள். நன்றி மட்டும்தான். “நீங்க கொடுத்தீங்களே, அதுல முன் டயர் ரெண்டும் மாத்திட்டோம். நேத்து மழையில வழுக்கவே இல்ல.” அவ்வளவுதான். வைத்துவிடுவாள்.

“நன்றி சொல்றதுக்கு ஒரு ஃபோன் பில்லா?” என்பார் ஆடிட்.

“அண்ணா, போன தடவை கொடுத்தது எங்க போச்சுன்னே தெரியாதவன் இந்தத் தடவை எதுக்குக் கொடுப்பான்?”

“அப்ப அடுத்த டயருக்கும் சேத்துக் கேட்டுற வேண்டியதுதானே?”

“நன்றி சொன்ன வாயோட கேட்டா, நன்றியே பொய்யாயிடும். நீங்க வட்டி வாங்கற கவுன்டர்லயே உக்காந்திருந்தீங்க. இது வேற கடை.”

ஆபீஸில் புதிதாக வருகிறவர்கள், ‘எங்கள் நிறுவனம் மிகுந்த சிரமத்தில்’ என்று ஆரம்பித்தால் குறுக்கே கை நீட்டி ஃபோனை வாங்கிவிடுவாள். “சிரமம்னா யாருக்குக் கண்ணுல தெரியும்? டயர்னு சொல்லு. பேட்டரின்னு சொல்லு. கேட்டுட்டு அப்புறம் வாயை மூடிக்கோ. அவர் யோசிக்கிறப்ப நீ பேசினா, அவர் யோசனை கலைஞ்சுபோகும்.”

லிஃப்ட்காரருக்கே உடம்பு கெட்டு, அதே வண்டியில் அவரும் ஏற வேண்டி வந்தபோது ஆடிட் ஒரு யோசனை சொன்னார். சமையலறையில் அவள் உருளைக்கிழங்கை ஒரு தண்ணீரில் வேகவைத்துக் கொட்டி, இன்னொரு தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். அவருக்கு ஆகாத உப்பெல்லாம் அப்படித்தான் இறங்கும்.

“பாப்பா, வீட்டுக்காரரே இதே வண்டிலதான் போறாருன்னு ஒரு போட்டோவோட போட்டா பணம் கொட்டும்.”

“கொட்டும்ணா. அப்புறம் அவர் கடைக்குப் போனா, கொடுத்தவன் எல்லாம் இவர் எப்படி நடக்கறார், என்ன வாங்கறார்னு பாத்துகிட்டே நிப்பான். யாரைச் சொல்லிக் கேக்கறோமோ, அவங்களை முதல்ல கேக்கணும். நான் கேட்டேன். அவர் வேணாம்னுட்டார்.”

உள்ளே இருந்து லிஃப்ட்காரர் குரல் கொடுத்தார்: “மச்சான், உங்க போட்டோவைப் போடுங்க. பாத்த உடனே பரிதாபப்பட்டுப் பணம் அனுப்புவாங்க.”

அப்புறம் அவள் தொண்டை கட்டியது. ஃபோனில் கத்திக் கத்தித்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். வெந்நீர் குடித்தாள், இருமல் மருந்து குடித்தாள், ஒரு மாதம் பேசாமல் இருந்தும் பார்த்தாள். கடைசியில் டாக்டர்கள் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் மூச்சுக்கு ஒரு துளை. அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி. பேச வேண்டியதைச் சிலேட்டில் எழுதினாள்.

ஆனால் குரல் மட்டும் வீட்டைவிட்டுப் போகவில்லை. பயணிகளுக்கு முன்தினம் சாயங்காலம் தானாகப் போகிற ஃபோனை அவள்தான் முன்பு எப்போதோ பதிந்து வைத்திருந்தாள். ‘நாளைக்குக் காலைல வண்டி வருது. தண்ணி கம்மியாத்தானே குடிச்சீங்க? ரெடியா இருங்க, சரியா?’ லிஃப்ட்காரர் அதைச் சத்தமாக வைத்து, “சரிம்மா, சரிம்மா” என்பார். அவள் சமையலறையிலிருந்து உருளைக்கிழங்குத் தோலை அவர்மேல் எறிவாள். இருவரும் சிரிப்பார்கள், ஒருவருக்குத்தான் சத்தம் வரும். ஆடிட் எழுந்து மாடிக்குப் போய்விடுவார்.

காந்தத்தின் நாற்காலியில் ஆடிட் உட்கார்ந்து வசூலுக்கு ஃபோன் செய்த கதை தனி. “உங்களிடமிருந்து இந்த மாதம் வரவில்லை” என்று ஆரம்பிப்பார். பாதிப் பேர் வைத்துவிட்டார்கள். ஒருத்தர் நடுங்கிப்போய், “சார், இன்னும் ரெண்டு மாசம் டைம் கொடுங்க, கட்டிடறேன்” என்று அழாத குறையாகக் கெஞ்சினார். இருந்த இரண்டு வண்டிகளில் ஒன்று இன்ஜின் போய் ஏற்கெனவே ஆபீஸ் வாசலில் பூனைகளுக்கு வீடாகியிருந்தது. மற்றதும் எப்போது நிற்கும் என்று தெரியாது. அது நின்றால் வண்டியை நம்பி இருக்கிற எல்லோரும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான், லிஃப்ட்காரர் உட்பட.

ஒரு மழை நாளில் அது நின்றது. இறக்கத்தில் தேங்கிய தண்ணீரில் இறங்கி, ஒருதரம் செருமிவிட்டு, அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஆடிட் நனைந்துகொண்டே ஊரெல்லாம் வாடகைக் கார் தேடினார். மழைக்கு யாரும் வரவில்லை. ஒரே ஒருத்தன் கிடைத்தான். ஏறி உட்கார்ந்ததும், “எங்க சார் போகணும்?” என்றான். போன தடவையே மூச்சு வாங்கிக் கஷ்டப்பட்ட ஒரு பாட்டியம்மா இருந்தாள். டைல்ஸ் கடைக்காரரின் அம்மா. அவளைத்தான் முதலில் எடுக்க வேண்டும். ஆடிட்டுக்கு அது தெரியும்.

தங்கை வீட்டு விலாசத்தைச் சொன்னார்.

லிஃப்ட்காரருக்கு எதுவும் தெரியாது. “மத்தவங்க?” என்று கேட்டார். “அவங்களுக்கும் கார் போயிருக்கு” என்றார் ஆடிட். அதே கார் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பாலத்தில் தண்ணீர் ஏறி வழி அடைத்திருந்தது. டைல்ஸ் கடை அம்மா கதவோரத்தில் பையும் செருப்புமாக அன்று முழுக்க உட்கார்ந்திருந்தாள். மறுநாள் போய்விட்டாள். அவளை எடுத்துப்போன பிறகும், பெயரை நீக்க யாருக்கும் தோன்றாததால், சாயங்காலம் அந்த வீட்டு ஃபோன் அடித்தது. ‘ரெடியா இருங்க, சரியா?’

கார் யாருக்குப் போனது என்பது உட்பட எல்லாம் காந்தத்துக்குத் தெரிந்ததும் சிலேட்டை எடுத்தாள். ‘டைல்ஸ் கடைக்குப் போகணும்.’

“உனக்கென்ன பைத்தியமா? அடிச்சுத் துரத்துவான்.”

‘கேக்கப் போகல. சொல்லப் போறோம்.’

“என்னத்தைச் சொல்ல?”

‘நடந்ததை. வேற யாராவது சொல்லி அவர் கேக்கறதுக்கு முன்னாடி.’

“அதைச் சொன்னா இனி இந்த ஊர்ல ஒருத்தனும் நமக்கு ஒரு காசு கொடுக்க மாட்டான், பாப்பா.”

அவள் எழுதவில்லை. அண்ணனைப் பார்த்தாள். சின்ன வயதில் அவர் மிட்டாயை ஒளித்து வைத்தபோது பார்த்த அதே பார்வை. வீட்டிலேயே உட்கார்ந்து நாலு வரி நிதானமாகச் சிலேட்டில் எழுதி, முந்தானையில் பொத்திக்கொண்டு கிளம்பினாள்.

அன்றும் மழைதான். டைல்ஸ் கடையில் சுவரெல்லாம் பலகையில் மாதிரிக் கற்கள் தொங்கின. பின்னால் கல் அறுக்கிற இயந்திரம் பல் கூசும்படிக் கத்திக்கொண்டிருந்தது. வெள்ளைத் தூசி படிந்த மேசைக்குப் பின்னால் கடைக்காரர் இருந்தார். அவர்கள் யார் என்று தெரிந்ததும் முகம் கல்லாகிவிட்டது.

காந்தம் முந்தானையை விலக்கிச் சிலேட்டை எடுத்தாள். மழையில் எழுத்தெல்லாம் கரைந்து, வெறும் கறுப்புப் பலகை. ஒரு நிமிடம் அதையே பார்த்தாள்.

ஆடிட் பேச முந்திக்கொண்டார். பழக்க தோஷத்தில், “எங்கள் நிறுவனம் இதுவரை…” என்று ஆரம்பித்தார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடியில் எலும்பு நொறுங்கியிருக்க வேண்டும். அவர் நிறுத்தினார்.

“அன்னிக்கு ஒரு கார்தான் கிடைச்சது” என்றார். “உங்கம்மாவுக்குத்தான் அனுப்பியிருக்கணும். நான் எங்க வீட்டு ஆளை ஏத்திட்டேன்.”

கடைக்காரர் எழுந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று ஆடிட் நினைத்தார்; வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறார்.

“எங்கம்மா செருப்பைக் கழட்டவே இல்லய்யா. வந்துருவாங்க, வந்துருவாங்கன்னு. நான் வேற வண்டி பாக்கறேன்னா, வேணாம்டா, அவங்க சொன்னா வருவாங்கன்னா. அவங்க சொன்னா!” கடையே அதிரக் கத்தினார். வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். ஊர்ப் பணத்தைத் தின்கிறவர்கள் என்றார், வீட்டு ஆட்களுக்கு வண்டி ஓட்டுகிறவர்கள் என்றார். ஆடிட் தலையைக் குனிந்துகொண்டார். காந்தம் குனியவில்லை. அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டாள்.

“உங்க ஆபீஸ்ல ஒரு பொம்பளை இருக்கா இல்ல? எங்கம்மாவை எடுத்துட்டுப் போயி வீடு கழுவி முடிக்கல, ஃபோன் பண்றா. ரெடியா இருங்க, சரியாங்கறா. அவளைக் கூட்டிட்டு வாங்க. அவகிட்ட நான் பேசணும்.”

“அது இவங்கதான்” என்றார் ஆடிட். “அது பழைய குரல். மெஷின்ல இருந்தது. இப்ப… இப்ப இல்ல.”

காந்தம் கழுத்துத் துணியை விலக்கினாள்.

பின்னால் இயந்திரம் நின்றது. கல் அறுத்துக்கொண்டிருந்தவன் வேலையை விட்டு எட்டிப் பார்த்தான். கடைக்குள் மழைச் சத்தமும், அவள் கழுத்தில் மூச்சு போய்வருகிற மெல்லிய இரைச்சலும் மட்டும் இருந்தன. கடைக்காரர் அடுக்கி வைத்திருந்த கல்மேல் உட்கார்ந்தார். ஆடிட்டுக்கு எதையாவது சொல்லி அந்த மௌனத்தை மூடிவிட வேண்டும்போல இருந்தது. மணிக்கட்டில் அவள் பிடி தளரவே இல்லை.

“எங்கம்மா அந்த ஃபோனுக்குப் பதில் சொல்லும்” என்றார் கடைக்காரர், தரையைப் பார்த்து. “சரிம்மான்னு. மெஷின்கிட்ட ஏம்மா பேசறன்னு நான் கிண்டல் பண்ணுவேன். அவ கேக்கறா இல்ல, பதில் சொல்ல வேணாமாடான்னு சொல்லும்.”

காந்தத்தின் கண்ணிலிருந்து வழிந்தது. அவள் துடைக்கவில்லை.

“இப்ப வண்டி ஓடுதா?”

“இல்ல” என்றார் ஆடிட்.

“ஒரு வண்டி என்ன விலை?”

புது வண்டி, பழைய வண்டி, வரியோடு, வரியில்லாமல் என எல்லா விலையும் ஆடிட்டின் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. காந்தம் அவர் காலை மிதித்தாள். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு தொகை தெரிந்தும் அவர் சொல்லாமல் இருந்தார்.

“நான் வாங்கித் தரேன்” என்றார் கடைக்காரர். “அதுல எங்கம்மா பேரை எழுதாதீங்க. யார் பேரையும் எழுதாதீங்க. நேரத்துக்கு வரணும், அவ்வளவுதான்.”

வீட்டுக்கு வந்ததும் லிஃப்ட்காரர், “என்னாச்சு?” என்றார். காந்தம் தன் உதட்டைத் தொட்டுக் காட்டி, பூட்டுப் போடுவதுபோல விரலைத் திருப்பினாள். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து அறைக்குள் ஒரு சுற்று ஓட்டினாள். “வாயே தொறக்காமலா? அடிப்பாவி!” என்று அவர் சிரித்துச் சிரித்து இருமினார். அவர் தலைக்கு மேலே அவள் அண்ணனைப் பார்த்தாள். காரைப் பற்றி வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் அதைப்பற்றி இருவரும் எழுதிக்கொள்ளவும் இல்லை, பேசிக்கொள்ளவும் இல்லை.

வண்டி வருவதற்குள் அவளுக்கு வியாதி திரும்ப வந்துவிட்டது. வண்டி வாசலில் வந்து நின்ற அன்று அவளில்லை.

அன்றிலிருந்து லிஃப்ட்காரர் வண்டியில் ஏறுகிறவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொன்னார். சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. பீரோ வந்தது, அடுத்த வாரம் சொன்னபோது கடைக்காரர் அவள் காலிலேயே விழுந்தார். ஆடிட் ஒவ்வொரு தடவையும் பொய் என்றார். நடந்தது என்று ஒருதரம் ஒப்புக்கொண்டால், எப்படி, எதற்கு, யாரால் என்று கேள்வி வரும். உள்ளே படுத்திருக்கிற மனுஷனுக்கு, தான் அன்றைக்கு யாருடைய இடத்தில் ஏறிப் போனோம் என்று தெரிந்துபோகும். அதற்குப் பிறகு அந்த ஆள் எப்படிச் சிரிப்பார்?

மத்தியானம் வண்டி திரும்பியபோது யாருக்கும் பேசத் தெம்பில்லை. ரத்தத்தைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு இயந்திரம் ஆளைப் பிழிந்துதான் அனுப்பும். வெயில் கண்ணைக் குத்தியது. லிஃப்ட்காரர் ஒரு ஐஸ் துண்டை வாயில் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கியிருந்தார். சில வாரங்களாகவே திரும்பும்போது அவர் கதை சொல்வதில்லை. படி ஏற இரண்டு பேர் வேண்டியிருந்தது.

தையல்காரம்மா ஊசி குத்திய கையை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். “அண்ணே, காலைல சொன்னீங்களே. அது உண்மையா? இல்ல எங்களைச் சிரிக்க வெக்கறதுக்கா?”

“ஏம்மா?”

“இல்ல… என் பொண்ணு கேட்டா, இது ஓசி வண்டிதானே, எத்தனை நாளைக்கு வரும்னு. நின்னுட்டா நான் எங்க போவேன்? அதான். அப்படி ஒருத்தங்க நிஜமாவே வாங்கிக் கொடுத்துட்டுப் போயிருக்காங்கன்னா, கொஞ்சம் தைரியமா இருக்கும்.”

லிஃப்ட்காரர் ஐஸைக் கன்னம் மாற்றினார். எல்லோரும் காத்திருந்தார்கள். டிரைவர்கூடக் கண்ணாடியில் பார்த்தான்.

“சும்மாதாம்மா” என்றார் லிஃப்ட்காரர். “நான் அங்க இல்ல. அவ கையைக் காலை ஆட்டிக் காட்டினா, நானா ஒண்ணு ஜோடிச்சுகிட்டேன். பக்கத்துல இருந்தது மச்சான்தான். அவரே நடக்கலங்கறார். அவர் கணக்குல தப்பு இருக்காது.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் தோல்வியை ஒப்புக்கொண்டதை ஆடிட் அதற்குமுன் பார்த்ததே இல்லை. லிஃப்ட் கயிறு அறுந்து விழுந்தபோதுகூட, தான்தான் அதை மெதுவாக இறக்கினேன் என்று சொன்னவர்.

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஆடிட் பின் சீட்டிலிருந்து எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டே முன்னால் வந்து, தையல்காரம்மாவின் எதிரில் உட்கார்ந்தார். அவளிடம் சொல்வதுபோலத்தான் சொன்னார். ஆனால் லிஃப்ட்காரரின் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நடந்துச்சும்மா. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். அவ வாயே தொறக்கல.”